எள்ளலின் அறம்

நகை தோன்றும் நிலைக்களன்கள் நான்கெனக் கூறும் தொல்காப்பியம், அவற்றுள் எள்ளலையே முதலில் வைத்துள்ளது. எள்ளல் இரு வகைப்படும் என்பது பேராசிரியர் உரை. பிறரைத் தான் எள்ளி நகுதல் ஒன்று; பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதல் மற்றொன்று. நெடுங்காலம் சமூகத்தின் ஏளனத்துக்கு இலக்கானோரை நகைச்சுவைப் பாத்திரங்களாக்குதல் அறமாகுமா என்னும் வினாவை ஆராய்வதற்கு இப்பாகுபாடு பெரிதும் துணைபுரிகின்றது.

இங்கிலாந்தின் ஐ.ரீ.வி. தொலைக்காட்சி 2013 முதல் 2016 வரை ஒளிபரப்பிய ‘விஷியஸ்’ இவ்வினாவை எழுப்பிய தொடராகும். இலண்டன் மாடிவீடொன்றில் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக இணைந்து வாழும் பிரெடி, ஸ்ருவேட் என்னும் முதிய ஆண்கள் இருவரே அதன் தலைமைப் பாத்திரங்கள். பிரெடியாக இயன் மக்கெலனும் ஸ்ருவேட்டாக டெரிக் ஜகோபியும் நடித்தனர். நாள்தோறும் ஒருவரையொருவர் சொல்லம்பால் துளைப்பதே இவர்தம் இல்லறம். ஒருவரது மூப்பு மற்றவரது ஏளனத்துக்குப் பொருளாகின்றது.

தொடரைக் கண்டித்தோரின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. தன்பாலினக் காதலரை மிகைப்பட்ட நளினமும் நச்சுநாவும் உடையோராகக் காட்டுதல் பிரித்தானிய நகைச்சுவையின் பழைய வழக்கம். அதனை மீண்டும் கையாளுதல் ஆறிய புண்ணைக் கீறுவதாகாதா?

இதற்கு விடை பாத்திரங்களின் வரலாற்றிலேயே உள்ளது. கதை தொடங்கும்போது இருவரும் இணைந்து நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. எனவே, அவர்தம் காதல் 1965 அளவில் அரும்பியதாதல் வேண்டும். இருபத்தொரு வயது நிரம்பிய ஆண்களிடையே தனிமையில் நிகழும் உறவு குற்றமன்று என இங்கிலாந்தின் சட்டம் ஏற்றது 1967இலேயாகும். அக்காதலின் தொடக்க ஆண்டுகள் சிறைத்தண்டனையின் நிழலிற் கழிந்தவை. சட்டம் மாறிற்று, அது பழக்கிய ஒளிவுமறைவு மாறவில்லை. முதுமையிலும் ஸ்ருவேட் தன் காதலைத் தாயிடம் கூற அஞ்சுகின்றார். பார்ப்போர் நகைப்பது இவ்வச்சத்தை நோக்கியேயன்றிக் காதலை நோக்கியன்று.

நடிகர் இருவரும் தன்பாலினக் காதலரே. மக்கெலன் 1988இல் அதனைப் பகிரங்கமாக அறிவித்தவர். ஆதலின், இஃது எள்ளப்பட்டவர் தாமே நகும் நகை எனலாம். எனினும், அது மட்டும் போதுமானதன்று. ஆண்டானை மகிழ்விக்க அடிமை தன்னையே எள்ளுதலும் உண்டு. சிரிப்பு அடங்கியபின் எள்ளப்பட்டவர் முழு மனிதராகத் தோன்றுகின்றாரா என்பதே உரைகல். பிரியார் என்னும் உறுதி உடையோரே அத்துணைக் கடுஞ்சொல்லையும் தாங்கவல்லர். 2015இல் இவ்விருவரும் மணம் புரியும் காட்சி அவ்வுறுதியைப் புலப்படுத்துகின்றது.

இவ்வினா இங்கிலாந்துக்கு மட்டும் உரியதன்று. இத்தகைய உறவைக் குற்றமாக்கிய சட்டத்தைப் பிரித்தானியர் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை வழியாக இலங்கைக்கும் கொணர்ந்தனர். அச்சட்டத்தின் நிழலில் மறைந்து வாழ்வோரைக் கண்டு இங்கு எழும் சிரிப்பு எவ்வகை எள்ளலைச் சார்ந்தது என்பதைச் சிரிப்போர் ஆராய்தல் கடனாகும்.