மூன்றாவது தடவை எழுதாத பாடம்

போன வருஷம் கோடை விடுமுறையில் என் மகளுக்காக ஓர் எக்ஸெல் ஷீட் போட்டேன். புத்தகத்தின் பெயர், பக்கங்கள், முடித்த தேதி, தொகை என்று நான்கு பத்திகள். ஒரு புத்தகத்துக்குப் பத்து ரூபாய். அவளுக்கு அப்போது எட்டு வயது. நான் பெங்களூரில் வேலை பார்த்து, கொரோனா சமயத்தில் ஊருக்கு வந்து, அப்படியே திருவண்ணாமலையிலேயே தங்கிவிட்டவன். வீட்டிலிருந்தே வேலை. அதனால் பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை மணிநேரம் யூடியூப் பார்க்கிறது என்பது ஆபீஸ் போகிற அப்பாக்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தெரிதல்தான் ஷீட்டில் போய் முடிந்தது.

முதல் வாரம் ஏழு புத்தகம். பெருமையாக இருந்தது. இரண்டாவது வாரம் பதினொன்று. அப்புறம்தான் பக்கங்கள் என்ற பத்தியைக் கவனித்தேன். 16, 16, 12, 16, 8. அலமாரியில் இருந்த மெல்லிய புத்தகங்களையெல்லாம் தேடிப் பிடித்திருந்தாள். அதற்கு முன் மூன்று தடவை என்னைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டிருந்த ஒரு யானைக் கதை, எண்பது பக்கம், எடுத்த இடத்திலேயே இருந்தது. ஏம்மா இதைப் படிக்கல என்று கேட்டேன்.

"அது பெருசுப்பா. அதுக்கும் பத்து ரூபாதானே?"

அவள்மேல் தப்பே இல்லை. எந்த எண்ணை அளக்கிறோமோ அந்த எண்ணைத்தான் ஆட்கள் ஏற்றிக் காட்டுவார்கள் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் அடிபட்டுக் கற்றுக்கொள்வது. முடித்த டிக்கெட்டுகளை எண்ணினால் சின்ன டிக்கெட்டுகள் மட்டும்தான் முடிக்கப்படும். ஆபீஸில் இதைச் சொல்லி மேனேஜரிடம் சண்டை போட்டவன் நான். வீட்டில் அதையே செய்திருந்தேன்.

1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நர்சரிப் பள்ளியில், ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை இருந்த குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம் வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முதலிலேயே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்தபின் திடீரென்று கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, எதை வேண்டுமானாலும் விளையாடலாம் என்ற நேரத்தில் கவனித்தார்கள். சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதிதான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை. கெடுத்தது பரிசு இல்லை, பேரம்.

இதை ஒரு உத்தியின் தோல்வி என்று எடுத்துக்கொண்டு வேறு உத்தி தேடியிருக்கலாம். என்னை உறுத்தியது வேறு. இன்னொருவர் ஒன்றை ரசித்தே ஆகவேண்டும் என்று விரும்ப எனக்கு என்ன உரிமை? சாப்பிடு என்று சொல்லலாம், ருசி என்று சொல்ல முடியுமா? தமிழில் படிப்பு என்ற ஒரே சொல் பரீட்சைக்கும் கதைக்கும் சேர்த்து வேலை செய்கிறது. "போய்ப் படி" என்ற அதட்டல் கேட்காத தமிழ் வீடு கிடையாது. பாடப்புத்தகத்துக்குச் சொன்ன அதே வாயால், அதே தொனியில், கதைப் புத்தகத்தையும் படி என்கிறோம். குழந்தைக்கு இரண்டும் ஒரே மூட்டையாகத்தான் தெரியும்.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு பழைய சம்பவம் உண்டு. பல தடவை கேட்டதுதான், ஆனால் இந்தப் பக்கத்திலிருந்து நான் யோசித்ததில்லை.

1896 ஆகஸ்ட் 29. மதுரையில் வெங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிறான். பெயின் என்பவர் எழுதிய ஆங்கில இலக்கணப் புத்தகம். ஒழுங்காகப் படிக்கவில்லை என்று, ஒரு பாடத்தை மூன்று தடவை எழுதிவரச் சொல்லித் தண்டனை. இரண்டு தடவை எழுதிவிட்டான். மூன்றாவது தடவைக்கு முன் தாளைத் தள்ளி வைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தான். அண்ணன் கடிந்துகொண்டார். அண்ணனின் காலேஜ் ஃபீஸுக்கென்று கையில் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ரயிலேறினான். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தான். அதன்பின் அவன் இந்த ஊரைவிட்டுப் போகவே இல்லை. அவன்தான் ரமணர்.

அதே பையன் அதற்குக் கொஞ்ச காலம் முன்பு பெரியபுராணம் படித்திருந்தான். பள்ளிக்கூடப் பாடங்களுக்கு வெளியே அவன் படித்த முதல் சமய நூல் அது. அதை அவனுக்காக யாரும் வாங்கவில்லை. சித்தப்பா யாரிடமோ இரவல் வாங்கி வந்து வீட்டில் வைத்திருந்தார். இவன் எடுத்துப் பார்த்தான், முழுகிப் போனான். அவன் வாழ்க்கையில் இரண்டு புத்தகம்: ஒன்று கையில் திணிக்கப்பட்டது, அது மூன்றாவது தடவை எழுதப்படவில்லை. இன்னொன்று வேறு யாரோ படிப்பதற்காக வீட்டில் கிடந்தது.

ரமணர் துறவியானதை வாசிப்பின் வெற்றி என்று சொல்ல வரவில்லை. அதற்கு அவர் சொன்ன காரணங்கள் வேறு, பெரியவை. நான் அப்பாவின் இடத்தில் நின்று பார்க்கிறேன். பிள்ளை மூன்று ரூபாயோடு ரயிலேறிப் போகட்டும் என்று எந்தப் பெற்றோரும் புத்தகம் வாங்கித் தருவதில்லை. வொக்கேபுலரி வளரும், கவனம் கூடும், மொபைல் குறையும், நாளைக்கு நேர்காணலில் நன்றாகப் பேசும் என்றுதான் வாங்கித் தருகிறோம். வைட்டமின் மாத்திரை மாதிரி. ஆனால் நிஜமாகவே ஒரு குழந்தை ஒரு புத்தகத்துக்குள் போய்விட்டால் என்ன ஆகும்? அது நம்மிடமிருந்து கொஞ்சம் விலகிப் போகும். நமக்குத் தெரியாத ஒருவர் அதன் காதில் பேசுவார். நம்முடைய சாமி, நம்முடைய சாதி, நம்முடைய பயம் எல்லாவற்றையும் அது திரும்பிப் பார்த்துக் கேள்வி கேட்கலாம். பிள்ளை வாசிப்பை ரசிக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறவர், இந்த விலகலுக்கும் சேர்த்துத்தான் ஆசைப்படவேண்டும். அது வேண்டாம், வொக்கேபுலரி மட்டும் போதும் என்றால் அதற்கு அகராதி போதும்.

இங்கே ஒரு எதிர்வாதம் இருக்கிறது. அதைத் தாண்டிப் போக எனக்குக் கூச்சமாக இருக்கிறது. "வற்புறுத்தாதே, காத்திரு" என்பது அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிற வீட்டின் தத்துவம் இல்லையா?

ரூசோ 1762-இல் எழுதிய எமில் நூலில், குழந்தைக்குச் சீக்கிரம் படிக்கக் கற்றுத்தர அவசரப்படாதீர்கள் என்கிறார். எமிலுக்கு அவ்வப்போது அழைப்புச் சீட்டுகள் வரும். விருந்துக்கு வா, படகில் போகலாம் வா என்று. படித்துச் சொல்ல அந்த நேரம் ஆள் இருக்காது. யாராவது படித்துச் சொல்வதற்குள் விருந்து முடிந்திருக்கும். அப்போது தானாகவே படிக்க ஆசை வரும் என்கிறார். அழகான யோசனை. ஆனால் எமிலுக்கு விருந்துக்கு அழைக்க ஆள் இருக்கிறார்கள், தனியாக ஓர் ஆசிரியர் இருக்கிறார், நேரம் இருக்கிறது. அதை எழுதியவர் தன் சொந்தக் குழந்தைகள் ஐந்து பேரையும் அநாதை இல்லத்தில் விட்டவர். ஜவ்வாது மலைமேல் இருக்கிற ஒரு பள்ளியில், வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் "உனக்கு ஆசை வரும்வரை காத்திரு" என்று சொன்னால், அது சுதந்திரம் ஆகாது, கைவிடுவதுதான்.

ஆகவே இரண்டையும் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். படிக்கத் தெரிவது குழந்தையின் உரிமை. அதைக் கொடுப்பது நம் கடமை, அரசின் கடமை. அதில் விடாப்பிடியாக இருக்கலாம், இருக்கத்தான் வேண்டும். படிப்பதில் சந்தோஷப்படுவது குழந்தையின் சொந்த விஷயம். அதற்கு வழி திறந்து வைக்கலாம், உள்ளே தள்ள முடியாது. தமிழக அரசின் வாசிப்பு இயக்கத்தில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களை நான்கு நிலைகளாகப் பிரித்து நுழை, நட, ஓடு, பற என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யார் வைத்த பெயரோ, எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நான்கும் கட்டளைச் சொற்கள்தான். ஆனால் கடைசிக் கட்டளை, சொன்னவர் கைக்கு எட்டாத இடத்துக்குப் போகச் சொல்கிறது.

சரி, வழியைத் திறந்து வைப்பது எப்படி? இதற்கும் எங்கள் ஊரில் ஒரு பதில் இருக்கிறது. பவா செல்லதுரை இங்கே உட்கார்ந்து மற்றவர்கள் எழுதிய கதைகளைக் கையில் தாள் இல்லாமல் சொல்வார். கேட்டுவிட்டு அந்தப் புத்தகத்தைத் தேடிப் போனவர்களில் நானும் ஒருவன். அவர் என்னைப் படி என்று சொல்லவில்லை. தனக்குப் பிடித்ததை என் முன்னால் வைத்து அவர் சந்தோஷப்பட்டார், அவ்வளவுதான். எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தப் பொறாமைதான் என்னைக் கடைக்கு அனுப்பியது.

இதை யோசித்த அன்று ஒரு கசப்பான கணக்கும் போட்டேன். அந்த வருஷம் நான் எத்தனை புத்தகம் முடித்திருந்தேன்? ஜனவரியில் ஒன்று. அப்புறம் இல்லை. என் மகள் என்னைப் பார்த்ததெல்லாம் லேப்டாப்பிலும் மொபைலிலும்தான். நான் வாசகன் என்பது என் நினைவில் இருந்த பழைய செய்தி. அந்தச் செய்தியை உண்மையென்று காட்ட எனக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டிருக்கிறது. வாசிக்கிற பிள்ளை இருந்தால், நான் இன்னும் வாசிக்கிற ஆள்தான் என்று நம்பிக்கொள்ளலாம். பத்து ரூபாய் கொடுத்து நான் வாங்கப் பார்த்தது அதைத்தான்.

ஷீட்டை நிறுத்தினேன். அதன்பின் நடந்தது என் திட்டத்தில் இல்லாதது.

ஜூன் மாதம் என் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். புதுக் கண்ணாடி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். அம்மா ஐந்தாவதோடு பள்ளியை விட்டவர். ஆனால் காலையில் தினத்தந்தி பார்க்காமல் அவருக்கு டீ இறங்காது. கன்னித்தீவில் ஆரம்பித்து ராசிபலனில் முடிப்பார். இரண்டு நாள் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் பேத்தியைக் கூப்பிட்டார்.

"தே, இங்க வா. சிந்துபாத்து இன்னா ஆனான்னு பாத்துச் சொல்லு."

மகள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். அம்மா இடையில் திருத்தினார். தனக்குத் தெரிந்த முன்கதையைச் சொன்னார். அறுபது வருஷத்துக்கும் மேலாக முடியாத கதைக்கு முன்கதை எவ்வளவு இருக்கும்! பத்து நிமிஷ வேலை முக்கால் மணிநேரம் ஆனது. ஒரு வாரத்தில் ராசிபலனுக்கு வந்துவிட்டார்கள். ஒருநாள் பக்கத்து அறையில் மீட்டிங்கில் இருந்தபோது அம்மாவின் குரல் கேட்டது.

"ஏண்டி, நேத்தும் பணவரவு, இன்னிக்கும் பணவரவா? மெய்யாலுமே அப்படித்தான் போட்டிருக்கானா?"

பதில் இல்லை. அப்புறம் பேப்பரை எடுத்துப் பார்த்தேன். அம்மாவின் ராசிக்கு அலைச்சல், உடல்நலத்தில் கவனம் தேவை என்று இருந்தது. ஆபரேஷன் ஆன ஆயாவிடம் அதைச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. வேறு எழுதிவிட்டாள். அச்சில் இருப்பதை நம்பாமல், கேட்கிறவரின் முகத்தைப் பார்த்து ஒரு வரியை மாற்றுவது. இதை எந்தப் பத்தியில் போடுவது, இதற்கு எத்தனை ரூபாய்?

ரமணரின் கதையில் பழனிசுவாமி என்று ஒருவர் வருவார். கேரளத்துக்காரர், ஆரம்ப காலத்தில் ரமணருக்குத் துணையாக இருந்தவர். தமிழ்ப் புத்தகங்களை ஊருக்குள்ளிருந்து வாங்கி வந்து, தமிழ் சரியாகப் படிக்க வராமல் திணறுவார். அதைப் பார்த்த ரமணர் புத்தகத்தை வாங்கி வேகமாகப் படித்து, சாரத்தை அவருக்குச் சொல்வார். அவர் வேதாந்த நூல்கள் பலவற்றை அறிந்தது இப்படித்தான். தன் தேவைக்காக இல்லை, பக்கத்தில் ஒருவர் திணறியதற்காக. இலக்கணத்தை மூன்றாவது தடவை எழுதாத அதே ஆள்.

இதையும் ஒரு உத்தியாக்கிவிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பிள்ளைகளைப் படிக்க வைக்கப் பாட்டிகளுக்கு ஆபரேஷன் செய்ய முடியாது. அந்த ஒரு மாதம் அவள் வாசிப்பு யாருக்கோ தேவைப்பட்டது, அளக்கப்படவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அம்மாவுக்குக் கண்ணாடி வந்துவிட்டது. பேப்பரை அவரே படித்துக்கொள்கிறார். மகள் பெரிய வாசகியாக ஆகிவிடவில்லை. யூடியூப் தொடர்கிறது. யானைக் கதையை ஒருநாள் எடுத்தாள், பாதியில் வைத்தாள், ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது லேசாக இல்லை. ராத்திரி எட்டரைக்கு மேல் லேப்டாப்பை மூடிவிட்டு நான் படிக்கிறேன். என் சந்தோஷத்துக்காகத்தான் படிக்கிறேனா, அவள் பார்க்கட்டும் என்று படிக்கிறேனா என்பது சில நாள் எனக்கே தெரியவில்லை. சில நாள் அவள் பக்கத்தில் வந்து உட்காருவாள். சில நாள் வரமாட்டாள்.

ஷீட் இன்னும் இருக்கிறது. அதன்படி நாற்பது ரூபாய் பாக்கி. அதை மட்டும் அவள் மறக்கவில்லை.