குவியலின் அடியில் இருப்பது

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது உண்டாவதாக!



கடைத்தெருவில் இருந்த ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இச்சம்பவம் பதிவாகியுள்ளது. மழை பெய்தது அவர் குற்றமல்ல. மறைத்ததுதான் குற்றம்.

பல நூற்றாண்டுகள் கழித்து, 1906 ஜூன் 30 அன்று அமெரிக்காவில் தூய உணவு, மருந்துச் சட்டம் கையெழுத்தானது. அழுகிய உணவும், உடலுக்குக் கேடான பொருள் சேர்த்த உணவும் மாநிலம் விட்டு மாநிலம் போனால், நீதிமன்றம் வழியாக அரசு அவற்றைப் பறிமுதல் செய்யலாம். வழக்கு அந்தச் சரக்கின் பெயரிலேயே நடக்கும்.

அப்படிப் பிடிபட்டவைதாம், செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து பியோரியாவின் ஒரு பேக்கரிக்குப் போன 50 டப்பா முட்டைக் கலவை. கெடாமலிருக்க அதில் போரிக் அமிலம் சேர்த்திருந்தார்கள். ‘சரக்கு ஊர் வந்து சேர்ந்துவிட்டது, இதை அப்படியே விற்கப் போவதில்லை, பண்டம் சுடத்தான்’ என்பது நிறுவனத்தின் வாதம். 1911இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பறிமுதல் செல்லும் என்றது.

சிந்தித்துப் பாருங்கள்! பண்டத்துக்குள் போய்விட்டால் சாப்பிடுகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அதுவும் குவியலின் அடியில் இருந்த ஈரம்தானே?

சட்டம் எல்லாச் சமையலறைக்கும் வராது. நேற்றுப் புளித்த குழம்பை இன்றைய குழம்போடு கலக்கும்போதும், காலாவதித் தேதியை அழித்துப் புதிதாக ஒட்டும்போதும் அதிகாரி பக்கத்தில் நிற்பதில்லை. கெட்டுவிட்டது என்று முதலில் அறிபவர் மூடியைத் திறப்பவர்தான். கீழே கொட்டினால் அவருக்குச் சில நூறு ரூபாய் நட்டம். கொட்டாவிட்டால் யாரோ ஒருவருடைய பிள்ளையின் வயிறு.

குறையைச் சொல்லி விற்றால் பரக்கத் உண்டு, மறைத்தால் அது அழிக்கப்படும் என்பதும் நபிமொழியின் கருத்து. மறுமையில் வாய்க்கு முத்திரையிடப்பட்டு, கைகள் பேசும் என்கிறது குர்ஆன் (36:65). அந்தக் குழம்பைக் கலக்கியதும் இந்தக் கைகள்தாமே!

ஹலாலானதைச் சம்பாதித்து, தூய்மையானதையே பிறருக்கு உண்ணக் கொடுக்கும் நல்லடியார்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.