தோமையார் மலைக் கல்



தோமாவைச் சந்தேகக்காரர் என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். எனக்கு அது ஒப்பவில்லை. உயிர்த்த ஆண்டவரின் கையில் ஆணி பாய்ந்த இடத்தில் விரலை விட்டுப் பார்க்க வேண்டும் என்றார், அவ்வளவுதான். ஆண்டவர் முகம் சுளித்தாரா? எட்டு நாள் கழித்து வந்து கையை நீட்டினார்.

போன ஞாயிறு மறைக்கல்விப் பிள்ளைகள், அவர் பெயர் தாங்கிய நம் தோமையார் மலையின் அடிவாரத்தில் கிடந்த கருங்கல் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நூலில் கட்டிக் கொக்கித் தராசில் தொங்கவிட்டோம்: 540 கிராம். அப்படியே வாளித் தண்ணீரில் முழுக அமிழ்த்தினோம்: 340. குறைந்த 200 கிராம், அந்தக் கல் அடைத்துக்கொண்ட இடத்துத் தண்ணீரின் எடை. 540ஐ 200ஆல் வகுத்தால் 2.7. தண்ணீரைவிட இந்தக் கல்லுக்கு அடர்த்தி 2.7 மடங்கு. “பெரிய கல்லா இருந்தா கூடும்ல, ஃபாதர்?” என்றான் ஒரு பொடியன். திட்டவில்லை, சுத்தியலைக் கொடுத்தேன். பாதிக் கல்லை நிறுத்தாலும் ஏறக்குறைய அதே 2.7. அதற்குப் பிறகுதான் அவன் நம்பினான்.

உடைந்த முகத்தை வெயிலில் திருப்பினோம். நீலம் ஓடிய கண்ணாடிச் சில்லுபோல் குவார்ட்ஸ். தட்டையாக மின்னும் ஃபெல்ட்ஸ்பார். ஊடே கரும்பழுப்பாய் ஹைப்பர்ஸ்தீன். ஒவ்வொன்றும் ஒரு கனிமம். தனக்கென்று ஒரு சேர்மானம், தனக்கென்று ஓர் அணு அடுக்கு. குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, ஹைப்பர்ஸ்தீனுக்கு 3.4க்கு மேல். இவையெல்லாம் சேர்ந்து இறுகினால் பாறை. இதைத் திருச்சபைக்கு ஒப்பிட நாக்கு துடிக்கிறது. அந்தப் பிரசங்கத்தை நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள், விட்டுவிடுகிறேன்.

இந்தக் கல்லுக்குப் பெயர் வந்ததே ஒரு கல்லறையால். கொல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியிருப்பைத் தொடங்கிய ஜாப் சார்னாக், புனித யோவான் ஆலய வளாகத்தில் அடக்கமாகியிருக்கிறார். அவருடைய கல்லறைக் கல்லும் நம் மலைக் கல்லும் ஒரே இனம் என்று கண்ட இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அறிஞர் ஹாலண்ட், 1893இல் அதற்குச் ‘சார்னக்கைட்’ என்று பெயரிட்டார். அவருடைய முதற்பெயரும் தாமஸ்தான்!

சுமார் 250 கோடி ஆண்டுக்கு முன், பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்த கல் இது. மேலே கிடந்ததெல்லாம் மழையிலும் காற்றிலும் கரைந்து போகப் போக வெளியே வந்தது. உருகிய குழம்பு உறைந்த தீப்பாறை என்று ஹாலண்ட் எண்ணினார். ஏற்கெனவே இருந்த பாறை வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாறியது என்று பின்னால் வந்தவர்களில் பலர் வாதிட்டார்கள். நூறாண்டுக்கு மேலாகக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். மலை இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

தோமா கடைசியில் காயத்தைத் தொட்டாரா? யோவான் தம் நற்செய்தியில் எழுதவே இல்லை. ஆண்டவர் தொடச் சொன்னார் என்பது மட்டும் இருக்கிறது. பூசை முடிந்து படியிறங்கும்போது பக்கத்துப் பாறையில் ஒரு நிமிடம் உள்ளங்கையை வையுங்கள். இந்தக் காலை நேரத்தில் அது இன்னும் குளிர்ந்திருக்கும்.