சபையும் சிரத்தையும்

ஒருவர் எதை நம்புகிறார் என்பது அவருடைய அந்தரங்கம். அந்த நம்பிக்கையின் பெயரால் எழுந்த சபையோ மடமோ தேவஸ்தானமோ, பலர் கூடிப் பணம் சேர்த்துப் பதவிகளை வகுத்துப் பிறருக்கு ஆக்ஞையிடும் இடமாகையால், ஊரார் கேள்விக்கு உட்பட்டது. இதுவரையில் ஆட்சேபிப்பார் இல்லை. ஆனால் நடைமுறையில், கேள்வி எழுந்தவுடனே பக்தர் மனம் புண்படுகிறது என்று சொல்லி நிர்வாகி பக்தருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார். நிர்வாகியைக் கண்டிக்கப் புறப்பட்டவரோ, பாதி வழியிலேயே பக்தரின் நெற்றியைப் பார்த்து நகைக்கத் தொடங்கிவிடுகிறார். பின்னவருடைய பிழையை நம்மவர் வேண்டிய மட்டும் கண்டித்தாயிற்று. முன்னவருடைய தந்திரத்துக்குத்தான் இன்னும் மரியாதை குறையவில்லை.

அடையாற்றுப் பிரம்மஞான சபையின் சரித்திரத்தில் இந்தப் பிரச்னை இருமுறை பகிரங்கமாயிற்று. சபையில் எழுத்து வேலை பார்த்துவந்த நாராயணய்யாவின் புதல்வன் கிருஷ்ணமூர்த்தியை, வரப்போகும் ஜகத்குருவுக்கு ஏற்ற பாத்திரம் என்று சபைப் பிரமுகர் லெட்பீட்டர் 1909-இல் கண்டறிந்து சொல்ல, தந்தையின் சம்மதத்தோடு சபைத் தலைவர் அன்னி பெசன்ட் அம்மையார் அவனுக்கும் அவன் தம்பிக்கும் பாதுகாவலரானார். தந்தை பின்னர் மனம் மாறி 1912-இல் வழக்குத் தொடுத்தார். சென்னை உயர் நீதிமன்றத்தில் தம் கட்சியைத் தாமே எடுத்து வாதாடிய அம்மையார் தோற்றார். 1914-இல் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஜகத்குரு வருவாரா மாட்டாரா என்பது எந்த நீதிபதிக்கும் விஷயமாக இருக்கவில்லை. இரண்டு சிறுவர்கள் யார் பொறுப்பில் வளர்வது என்பதே விசாரணை. இதில் கவனிக்கத்தக்கது வேறொன்றும் உண்டு. நாராயணய்யாவின் சார்பில் வாதாடிய சி.பி. ராமசாமி ஐயர், சில ஆண்டுகளுக்குள்ளேயே ஹோம் ரூல் இயக்கத்தில் அதே அம்மையாருக்கு உற்ற துணையாக நின்றார். அவரவர் சாதாரண வாய்க்கால் தகராறுகளையே மூன்று தலைமுறைக்குக் காப்பாற்றி வைக்கும் நாட்டில், இது அபூர்வமான நாகரிகம்தான்.

இரண்டாம் முறை கேள்வி எழுப்பியவர், வளர்ந்துவிட்ட அந்தப் பையனே. தம்மைத் தலைவராக வைத்து 1911-இல் நிறுவப்பட்ட நட்சத்திர சங்கத்தை, 1929 ஆகஸ்டு 3-ஆம் தேதி, ஹாலந்து தேசத்து ஓமன் நகரில், மூவாயிரத்துக்கு மேற்பட்ட அங்கத்தினர் கூடியிருக்க, பெசன்ட் அம்மையாரும் கேட்டுக்கொண்டிருக்க, கிருஷ்ணமூர்த்தி கலைத்துவிட்டார். சத்தியத்தைச் சங்கமாக அமைத்து அதற்குள் மனிதரை நடத்திச் செல்ல இயலாது என்பது அவருடைய வாதத்தின் சாரம். சங்கத்துக்கென்று வந்த கோட்டை கொடுத்தவருக்கே திரும்பிற்று. அம்மையாரை அவர் முன்போலவே ‘அம்மா’ என்று அழைத்துவந்தார்; அம்மையாரும் அவரைக் கைவிடவில்லை.

எனினும், அன்று அந்தத் திடலில் அமர்ந்திருந்தவர்களின் சிரத்தை சிறிதும் காயப்படவில்லை என்று சொல்வது அசத்தியம். பல்லாண்டுகள் காத்திருந்த ஜகத்குருவே எழுந்து நின்று ‘என்னைப் பின்பற்றாதீர்கள்’ என்னும் பொருள்படப் பேசும்போது, கலைந்தது ஒரு காரியாலயம் மட்டும்தானா? அநேகருக்கு நம்பிக்கை குடியிருக்கும் வீடே ஸ்தாபனம்தான். கூரையில் கைவைத்தால் உள்ளே தூசி விழத்தான் செய்யும். ஆகையால், பிறர் நம்பிக்கைக்கு மரியாதை செய்வதென்பது, அவருக்கு ஒருபோதும் வலிக்காது என்று உத்தரவாதம் அளிப்பதாக இருக்க முடியாது. அவர் சொல்லாததைச் சொன்னதாகத் திரிக்காமலும், அவருடைய பேதைமையைக் கதையாக்கிச் சிரிக்காமலும், நேருக்கு நேர் காரணம் காட்டிப் பேசுவதே அந்த மரியாதை. பதவியைத் துறந்து பேசுகிறவர் சொல்லில் ஆதாயம் பற்றிய சந்தேகம் அற்றுப்போகிறது என்பது கூடுதல் பலம், அவ்வளவே.

துறவையே விமர்சனத்துக்கு யோக்கியதாம்சமாக விதித்துவிடலாகாது. கபாலீசுவரரைக் கண்ணீர் மல்கத் தரிசித்துவிட்டு வெளியே வருகிற மயிலாப்பூர்ப் பாட்டி, மாடவீதியில் கோயிலுக்குச் சொந்தமான கடைக்கு வாடகை எவ்வளவு, அது ஒழுங்காக வருகிறதா என்று கேட்டால், அவர் எதைத் துறக்க வேண்டும்? தியாகராய நகரில் இன்று பூங்காவின் பெயராக மட்டும் பலருக்கு அறிமுகமான பனகல் அரசர், முதன்மந்திரியாக இருக்கையில் 1922-இல் கொண்டுவந்த அறநிலைய மசோதாவின் அடிப்படையும் இந்தப் பாட்டியின் கேள்வியே. மதத்துக்கு ஆபத்து என்ற கூக்குரல் உடனே எழுந்தது. அரசரோ வடமொழி பயின்ற இந்து. அவர் கேட்டது கணக்கை. அந்தக் கணக்குக் கேட்கும் உரிமை 1951, 1959-ஆம் ஆண்டுச் சட்டங்களின் வழியே விரிந்து, சர்க்கார் துறையே பல கோயில்களில் நிர்வாகிக்கு நிகராகிவிட்டபடியால், அந்தத் துறையிடமும் பாட்டி அதே கேள்வியைக் கேட்கலாம். அப்போது அவரை நாஸ்திகர் என்றோ, அரசியல் கட்சிக்காரர் என்றோ ஒதுக்குவதும் பழைய தந்திரமே.

சங்கத்தைக் கலைத்தவரின் பெயராலும் காலப்போக்கில் ஸ்தாபனங்கள் தோன்றின. அடையாற்றின் தென்கரையில் பிரம்மஞான சபை; வடகரையில், கிரீன்வேஸ் சாலையில், அவர் தங்கிப் பேசிய வசந்த விஹார். ராதா பர்னியர் சபைத் தலைவரானபின் அழைப்பின் பேரில் 1980-இல் அவர் மறுபடி சபை வளாகத்துக்குள் அடியெடுத்து வைத்தார்; அவர் கருத்துப்படி நடந்த பள்ளியொன்று நெடுங்காலம் சபைக்குரிய தாமோதர் தோட்டத்திலேயே இயங்கிற்று. சபையோடு இவ்வளவு இணக்கம் ஏற்பட்டது; ஆனால் அதற்கு முன்பே, அவர் பெயரில் அவருடைய நூல்களையும் சொத்துகளையும் நிர்வகித்துவந்த வேறொரு பழைய அமைப்பின் மீது கலிபோர்னியாவில் வழக்குப் போகும்படி அவர் தரப்பினருக்கு நேர்ந்தது. அது 1974-இல்தான் சமரசத்தில் முடிந்தது. ஸ்தாபனம் கூடாதென்று சொன்னவருக்கே தம் பெயரில் நடந்த ஸ்தாபனத்திடம் கணக்குக் கேட்க வேண்டியிருந்தது என்றால், அதற்குத் தயங்கி நிற்கும் சாதாரண பக்தர் வெட்கப்பட வேண்டியதில்லை, கேட்டுவிட வேண்டியதுதான்.