உண்ண மறுத்த உயிர்



சீவக சிந்தாமணியின் குணமாலையார் இலம்பகத்தில் வரும் நாயின் கதையைக் கேளாமல் வளர்ந்த பிள்ளை முன்னாளில் நம் இல்லங்களில் இருந்ததில்லை. அந்தணர்க்கென ஆக்கிய சோற்றைத் தீண்டிவிட்டது என்று ஒரு நாயை அடித்து வீழ்த்துகின்றனர். அங்கு வந்த சீவகன் அது உயிர் துடிப்பதைக் கண்டு, அருகில் அமர்ந்து, அதன் செவியில் ஐவணக்க மந்திரத்தை ஓதுகிறான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, நன்றி மறவாமல் திரும்பி வந்து, சீவகனுக்கு இடர் நேர்ந்த காலத்தில் துணை நிற்கிறது.

வகுப்பறையிலும் ஜினாலயத் திண்ணையிலும் இக்கதையை நாம் பலமுறை கூறியிருக்கிறோம். கூறும்போதெல்லாம் மந்திரத்தின் பெருமையையே எடுத்துரைத்தோம். நாயைப் பற்றி எண்ணியதில்லை. அந்த நாய்க்கு உண்ணும் ஆவல் இருந்தது, உணவுதான் மறுக்கப்பட்டது. கடந்த ஆடித் திங்களில் எம் இல்லத்தில் நேர்ந்தது இதற்கு நேர் மறுதலை. உணவு இருந்தது. உண்ணும் ஆவல்தான் இல்லை.

மணி என்பது அதன் பெயர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை நாளில் மாட்டுக் கொட்டிலில் வந்து ஒண்டிய குட்டி. நம் வீட்டு முறைப்படியே அதற்கும் கதிர் மறையுமுன் சோறு வைத்துப் பழக்கினோம். தயிர் பிசைந்த சோறும், பருப்பு நீரும், சில நாள் கேழ்வரகுக் கூழும் உண்டே அது வளர்ந்தது. மாலையில் தட்டின் ஓசை கேட்டால் எங்கிருந்தாலும் ஓடி வரும். அன்று வரவில்லை. சென்று பார்த்தபோது துளசி மாடத்தை அடுத்த நிழலில் படுத்திருந்தது. தட்டை அருகில் வைத்தோம். முகர்ந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது.

முதல் நாள் நாம் கவலையுறவில்லை. அட்டமியிலும் சதுர்த்தசியிலும் நாமும் உண்ணாநோன்பு இருப்பவர்தாமே, ஒருநாள் வயிறு ஓய்ந்தால் நல்லதுதான் என்று எண்ணினோம். இரண்டாம் நாளும் அவ்வாறே விட்டோம். நம் நோன்பை அதன் நோயின்மேல் ஏற்றிப் பார்த்த அறியாமை அது. வளர்ந்த நாய் ஒரு முழு நாள் உணவைத் தொடாவிட்டாலே மருத்துவரிடம் காட்டவேண்டும், குட்டியாயின் அவ்வளவு நேரமும் பொறுக்கலாகாது என்று பின்னரே அறிந்தோம். மூன்றாம் நாள்தான் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுசென்றோம்.

மருத்துவர் இளைஞர், பொறுமையுள்ளவர். வாயைத் திறந்து பல்லையும் ஈறையும் பார்த்தார். பிடரித் தோலைக் கிள்ளி உயர்த்தி விட்டார். அது உடனே படியாமல் மடிந்தே நின்றது. உடலில் நீர் வற்றியதன் அறிகுறி அது என்றார். பசியின்மை என்பது ஒரு நோயன்று, பல நோய்களின் வாயிற்கதவு என்று அவர் கூறியது நம் உள்ளத்தில் தைத்தது. பல் வலியாக இருக்கலாம். உண்ணி கடித்து வரும் காய்ச்சலாக இருக்கலாம். கல்லீரல், குடல் ஆகியவற்றின் கோளாறாகவும் இருக்கலாம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். நாய் உணவோடு நீரையும் விழுங்க இயலாமல், வாயில் எச்சில் ஒழுகி, குரலும் மாறியிருந்தால் அது வெறிநோயாகவும் இருக்கக்கூடும். அன்பு மிகுதியால் அதன் வாய்க்குள் கைவிடலாகாது.

இரத்தத்தைச் சோதித்ததில் யூரியாவும் கிரியாட்டினினும் மிகுந்திருந்தன. சிறுநீரகம் பழுதுற்றிருந்தது. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு செயலிழந்த பின்னரே இரத்தத்தில் அது வெளிப்படுமாம். "சில மாதங்களாக மிகுதியாக நீர் குடித்ததா அம்மா?" என்று வினவினார். குடித்தது. கோடை வெயில் என்று எண்ணிப் பாத்திரத்தைப் பெரிதாக்கி வைத்தோமேயன்றி, ஏன் என்று கேட்கவில்லை. வெளியேற வேண்டிய கழிவு இரத்தத்திலேயே தங்குவதால் குமட்டல் எழும், வாயில் புண்ணும் தோன்றும், ஆகவேதான் உணவைக் கண்டால் முகம் திருப்புகிறது என்று விளக்கினார். வெறுப்பு நம் சோற்றின்மேல் அன்று, உண்டபின் வரும் துன்பத்தின்மேல்.

அதன்பின் தெருவே மருத்துவராயிற்று. "டீச்சரம்மா, ஒரு முட்டையை உடைத்து ஊற்றுங்கள்" என்றார் ஒருவர். ஆட்டு ஈரலை வேகவைத்த நீர் தந்தால் எழுந்து ஓடும் என்றார் மற்றொருவர். அவர்கள் சொன்னது அன்பினால். நாம் மறுத்தோம். மறுத்தபின் இரவெல்லாம் ஒரு கேள்வி குடைந்தது. கொல்லாமை நம் விரதம், நாயின் விரதமன்று. நம் நோன்பைக் காக்க அதன் உயிரைப் பணயம் வைக்கிறோமோ? மறுநாள் மருத்துவரிடமே இதனைக் கேட்டோம். இந்நோயில் புரதமும் பாஸ்பரசும் மிகுந்த உணவு சிறுநீரகத்துக்குச் சுமை, ஈரலை நினைக்கவும் வேண்டா, நீங்கள் தரும் தயிரையும் பாலையும்கூடக் குறையுங்கள் என்றார். குழைந்த சோறு, சிறிதளவு நெய், வேகவைத்த பூசணி ஆகியவற்றைச் சொன்னார். கேள்வி இவ்வளவில் எளிதாகத் தீர்ந்தது நம் நல்வினை. ஆனால் ஓர் உயிரைக் காக்க மற்றோர் உயிரை அறுப்பது, மருந்து என்ற பெயரிலேயாயினும், நமக்கு உடன்பாடாகாது என்பதையும் இங்கே மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு, அவை அதன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்று அவர் சொன்னபோது நமக்குச் சிறு புன்னகை வந்தது. அவை நம் அடுக்களையில் முன்னரே இல்லை. திராட்சையும் சாக்லேட்டும் தீங்கே. நாம் தலைவலிக்கு விழுங்கும் மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது.

உண்ணியைப் பற்றியும் ஒரு சொல். அது மூவறிவுயிர், அதனைக் களைவது இம்சையன்றோ என்று நம் சாவகியர் சிலர் வினவுவதுண்டு. உண்ணி மொய்த்த நாயைப் பார்த்துக்கொண்டு வாளாவிருப்பதும் இம்சையே. நாள்தோறும் சீவி விடுதலும், படுக்கும் இடத்தைத் தூய்மையாக வைத்தலும், அவை தோன்றாமற் காத்தலும் இல்லறத்தார்க்கு உரிய வழி. தோன்றவிட்டபின் வருந்துவது நம் சோம்பலின் பயன்.

இனி, நாம் செய்த பிழைக்கு வருகிறோம்.

குழைந்த சோற்றையும் மணி உண்ணவில்லை. நான்காம் நாள் நாம் அதன் தாடையைப் பிடித்து, விரலால் சோற்றை உள்ளே தள்ளி, வாயை மூடிப் பிடித்தோம். விழுங்கியது. மகிழ்ந்தோம். அடுத்த கவளத்தையும் தள்ளினோம். சற்றுநேரத்தில் எல்லாவற்றையும் கக்கியது. மீண்டும் மாலையில் அவ்வாறே செய்தோம். மறுநாள் காலை நாம் தட்டோடு வருவதைக் கண்டதும், பன்னிரண்டு ஆண்டுகள் நம் காலடியில் கிடந்த அந்த உயிர், தள்ளாடி எழுந்து கொட்டிலின் மூலைக்குப் போய்ச் சுவர்ப்பக்கம் முகம் வைத்து நின்றது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஊட்டுவது வேறு, திணிப்பது வேறு என்று ஆசிரியப் பயிற்சிக் காலத்திலேயே நமக்குக் கற்பித்தார்கள். நாற்பது தேர்வுகளில் அதனை எழுதித் தேறியவர் போலப் பேசியும் இருக்கிறோம். கொட்டிலில் அது மறந்துபோயிற்று. குமட்டலோடு இருக்கும் நாய்க்குத் திணித்தால் உணவின்மேல் நிலையான வெறுப்பே வளரும், கவளம் மூச்சுக்குழலில் இறங்கினால் உயிருக்கே ஊறு என்று மருத்துவர் கண்டித்தார். முதலில் குமட்டலை அடக்க ஊசி, பின்னர் தோளெலும்புகளுக்கு நடுவே தோலுக்கடியில் உப்புநீர், அதன்பின் உணவு. சோற்றை இளஞ்சூடாக்கினால் மணம் எழும். சிறு அளவில், நாவுக்கெட்டும் தொலைவில் வைத்துவிட்டு அகல வேண்டும், உண்ணாவிட்டால் எடுத்துவிட வேண்டும், மூக்கின்முன் நாள் முழுதும் வைத்திருக்கலாகாது என்றார்.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கொல்லா விரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறும். கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், தாங்காச் சுமையேற்றல், உணவும் நீரும் தடுத்தல். ஐந்தாவதை நாம் செய்யவில்லை என்று பெருமிதம் கொண்டிருந்தோம். ஆனால் அசையவொட்டாமல் பிடித்து ஊட்டியபோது முதலாவதைச் செய்துகொண்டிருந்தோம். அதுவும் யாருக்காக? நாயின் பசிக்காக அன்று. அதற்குப் பசியே இல்லை. அது உண்ணக் கண்டால் நம் நெஞ்சு ஆறும், அதற்காக.

ஆர்த்தத் தியானம் நான்கு என்பர். வேண்டாதது வந்து பொருந்தியதற்கு வருந்தல், விரும்பியது பிரிவதற்கு வருந்தல், நோயின் வேதனையில் உழலல், மறுமை இன்பத்தை அவாவுதல். கொட்டிலில் கிடந்த நாய்க்கு மூன்றாவது. தட்டோடு நின்ற நமக்கு இரண்டாவது. ஆர்த்தத் தியானம் விலங்குகதிக்கு வித்திடும் என்று நூல்கள் சொல்கின்றன. நாய்க்காக அரற்றி அரற்றியே நாயாகப் பிறக்கும் வழியைத் தேடிக்கொண்டிருந்தோம் என்று ஒருநாள் தோன்றியபோது நமக்கு நகைப்பும் வந்தது, அச்சமும் வந்தது. நாய்க்கும் தேவனுக்கும் இடையேயுள்ள தொலைவு வினையளவே என்பதைச் சமந்தபத்திர ஆசாரியர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் உணர்த்தியிருக்கிறார். நமக்கும் நாய்க்கும் இடையே அத்தொலைவு இன்னும் குறுகியது.

பத்து நாள் போல ஒரு தேறுதல் இருந்தது. நெய் தடவிய இரண்டு பிடி சோறு இறங்கியது. இரவிலும் சிறிது கேட்டது. கதிர் மறைந்தபின் உண்ணாமை நம் நோன்பு, நோயுற்ற உயிருக்கு அது தடையன்று என்று இரவு ஒன்பது மணிக்கும் ஊட்டினோம். பின்னர் மீண்டும் நின்றது.

அப்போதுதான் சென்னையிலிருந்து மகன் தொலைபேசியில் அந்த வார்த்தையைச் சொன்னான். "அம்மா, அது படும் துன்பத்தைக் காட்டிலும் ஒரே ஊசியில் உறங்க வைத்துவிடலாமே." கொடியவன் அல்லன். சிறுவயதில் அதனைத் தோளில் தூக்கித் திரிந்தவர்களுள் அவன் மகனும் ஒருவன். இரக்கத்தால் சொன்னான். நம்முள் ஒரு பகுதி அதற்கு இசையவும் செய்தது. இரண்டு இரவுகள் இதனை எண்ணினோம்.

சல்லேகனைக்கும் ஐந்து அதிசாரங்கள் உண்டு. வாழ விரும்புதல் அவற்றுள் ஒன்று, சாக விரும்புதல் மற்றொன்று. தானே விரும்பி நோன்பேற்ற துறவியும் சாவை விரைந்து அழைக்கலாகாது என்றால், வாய்பேசா உயிரின் சார்பில் நாம் எவ்வாறு அழைப்பது? அதன் துன்பம் அதற்குத்தான் தெரியும். நம்மால் காணப்பொறாமை நமக்குத்தான் தெரியும். இவ்விரண்டையும் ஒன்றென மயங்கி ஊசி கேட்பது எளிது. தீராத நோயுற்ற விலங்குகளையும் கொல்லாமல் இறுதிவரை பேணும் பாஞ்சராபோல்கள் குஜராத்தில் நம் சமயத்தாரால் நெடுங்காலமாக நடத்தப்படுகின்றன. தில்லிச் செங்கோட்டைக்கு எதிரேயுள்ள லால் மந்திரில் பறவைகளுக்கென மருத்துவமனை இருக்கிறது. இவற்றை நினைத்தோம். மகனிடம், ஊசி வேண்டா, ஆனால் வலியைத் தணிக்கும் மருந்து எதையும் மறுக்கமாட்டோம் என்றோம். அவன் சற்று நேரம் பேசவில்லை. "சரி, அம்மா" என்றான். அவன் மனம் ஒப்பவில்லை என்று நமக்குத் தெரியும்.

இங்கே மற்றொரு மயக்கத்தையும் களைய வேண்டும். அண்டை வீட்டு மூதாட்டியார் ஒருவர், மணி சல்லேகனை இருக்கிறது என்று கைகூப்பினார். கவள உணவு விட்டு, பின் பால் போன்ற நெய்ப்புடைய பானம் விட்டு, தெளிந்த நீரளவில் நிற்கும் முறையைச் சிராவகாசாரம் கூறுவது உண்மை. மணியும் அவ்வரிசையிலேயே ஒவ்வொன்றாக விட்டது. ஆயினும் நோயால் உணவு ஒழிவது வேறு, அறிந்து ஒழிப்பது வேறு. மனமுடைய ஐயறிவு விலங்குகள் ஐந்தாம் குணஸ்தானம்வரை ஏறலாம் என்பதும், பார்சுவநாதர் முன்னொரு பிறவியில் யானையாக இருந்தபோது விரதமேற்று உதிர்ந்த இலையே உண்டதும் நாம் அறிந்தவையே. அந்த யானைக்கு உபதேசித்தவர் ஒரு முனிவர். எம் கொட்டிலில் இருந்ததோ சிறுநீரக நோய். பெரிய சொற்களை எளிதாக வழங்கினால் அவற்றின் விலை குறைந்துவிடும்.

தானம் நான்கு. உணவு, மருந்து, நூல், அடைக்கலம். முதலாவது நம் கையைவிட்டுப் போயிற்று. மருந்தும் ஒடுங்கி வந்தது. எஞ்சியவற்றைச் செய்தோம். பழம்புடவையை நான்காக மடித்துப் படுக்கை இட்டோம். ஒரே பக்கம் கிடந்தால் புண் வருமென்று மூன்று மணிக்கொரு முறை புரட்டினோம். காய்ச்சி ஆறிய நீரில் துணியை நனைத்து ஈற்றைத் துடைத்தோம். கேட்டால் நீர், கேளாவிட்டால் இல்லை. காலையிலும் மாலையிலும் பேரன் அருகில் அமர்ந்து ஐவணக்கம் ஓதினான். "ஆயா, அதற்குப் புரியுமா?" என்றான். சீவகன் அதைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லையே என்றோம். செவி மட்டும் சிறிது நிமிரும். அது மந்திரத்துக்கா, பேரனின் குரலுக்கா என்று ஆராயவில்லை.

தட்டைக் கண்டு சுவர்ப்பக்கம் திரும்பிய நாய், தட்டில்லாமல் வெறுங்கையோடு நாம் சென்று அமர்ந்தபோது மோவாயை நம் பாதத்தின்மேல் வைத்தது. அந்த நான்கு நாள்களும் அவ்வாறே வைத்திருந்தது.

ஐந்தாம் நாள் விடியுமுன் மூச்சு நின்றது. தோட்டத்து வேம்பின் கீழே ஆழத் தோண்டி, எறும்புப் புற்றைக் கலைக்காமல் சற்று விலக்கி அடக்கம் செய்தோம். அன்று மாலை கதிர் மறையுமுன், பழக்கத்தால் ஒரு பிடி சோறு மிகுதியாகவே வடித்துவிட்டோம். பேரன் அதனைத் தெருமுனையில் கிடக்கும் செவலை நாய்க்குக் கொண்டுபோய் வைத்தான். வைத்த கை மீளுமுன் அது உண்டு முடித்தது.