அருள் ஏன் காத்திருக்கிறது?

மனிதன் தெய்வத்தினிடம் கேட்கும் வரங்களில் பெரும்பாலானவை சக்தியைக் குறித்தவையே. தேக பலம், தன பலம், அதிகார பலம், புத்தி பலம் என்று பெயர்கள் வேறுபட்டாலும், இன்று இருப்பதைக் காட்டிலும் நாளை அதிகம் செய்ய வல்லவனாக வேண்டும் என்ற ஒரே ஆசைதான் அத்தனை பிரார்த்தனைகளின் அடியிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆயினும் கேட்டது கேட்டவுடனே கிடைப்பதில்லை. இருவினையொப்பும் மலபரிபாகமும் வாய்க்கப்பெற்ற ஆன்மாவினிடத்திலேதான் சத்திநிபாதம் நிகழும் என்று சைவ சித்தாந்தம் இதற்கு விடை கூறுகிறது; பக்குவம் வந்த பின்பே அருள் பதியும் என்பது அதன் கருத்து. இந்த விடையைக் கேட்கும் பக்தனுடைய உள்ளத்தில், வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், ஒரு மனக்குறை எழவே செய்கிறது. தகுதியைப் பார்த்துக் கொடுப்பது வியாபாரியின் குணமல்லவா? தகுதியைப் பாராமல் கொடுப்பதல்லவா கருணை? எல்லையற்ற அருளைத் தன்னிடத்தே உடையவன், ஓர் எளிய உயிரை இத்தனை பிறவிகள் ஏன் காக்க வைக்க வேண்டும்?

இந்தக் கேள்வியைச் சாஸ்திர வாக்கியங்களைக் கொண்டே ஆராய்ந்தவர்கள் அநேகர். அந்த வழி உயர்ந்ததே. எனினும், உருக்கும் எண்ணெயும் நெருப்பும் கூடிய ஒரு சிறு கொட்டகையில் இதே கேள்வி கண்ணுக்குத் தெரியும் வடிவத்தில் எழுந்து, கைக்கு எட்டும் வடிவத்தில் விடையும் பெறுகிறது என்பது என் துணிபாதலால், வாசகர்களை அங்கே அழைத்துச் செல்ல விரும்புகிறேன். பழைய மோட்டார் காரொன்றுக்கு வீட்டிலேயே, தன் கையாலேயே, டர்போ இஞ்சின் கட்டும் ஒருவனுடைய கொட்டகை அது.

இங்கிலாந்தில் இத்தகைய கொட்டகைகள் பல உண்டு; அவற்றில் அடிக்கடி காணப்படும் வண்டி மினி. அலெக் இஸிகோனிஸ் வகுத்த அமைப்பின்படி 1959ஆம் ஆண்டில் வெளிவந்த அந்தச் சிறிய காரில், ஆஸ்டின் கார்களுக்கென்று 1951இல் தோன்றிய ஏ-சீரிஸ் இஞ்சினை, 848 ஸி.ஸி. அளவில், குறுக்குவாட்டில் வைத்தார்கள். அதன் வலிமை 34 குதிரைச் சக்தி. காலப்போக்கில் அதே குடும்பத்து இஞ்சின் 1275 ஸி.ஸி. வரை வளர்ந்தது, 1982இல் எம்.ஜி. மெட்ரோ டர்போ என்ற காரில் டர்போசார்ஜர் பூட்டப்பெற்று 93 குதிரைச் சக்தி தந்தது. அந்த இஞ்சினையோ, அதன் முறையைப் பின்பற்றித் தானே கட்டிய ஒன்றையோ, வயதான மினி ஒன்றில் இறக்கி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது வீட்டுப் பட்டறைக்காரர் பலருடைய நெடுநாள் கனவு.

டர்போசார்ஜரின் தத்துவம் அழகானது. பெட்ரோலை எரித்துப் பெறும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சக்கரத்துக்குப் பயன்படாமல், சூடாகப் புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. அப்படி வெளியேறும் புகையின் பாதையில் ஒரு சிறு டர்பைன் சக்கரத்தை வைத்து, அதன் தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி, அதனால் வெளிக்காற்றை அழுத்தி உள்ளே செலுத்தினால், அதே சிலிண்டரில் அதிகக் காற்றும் அதற்கேற்ற பெட்ரோலும் எரிந்து அதிகச் சக்தி பிறக்கும் என்று கண்டு, ஸ்விட்ஸர்லாந்து தேசத்துப் பொறியியல் அறிஞர் ஆல்ஃபிரட் பூஹி 1905ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழல வல்ல அந்தத் தண்டு, உலோகத்தின்மேல் உலோகம் படாமல், எண்ணெயின் மெல்லிய படலத்தில் மிதந்துகொண்டே சுழல்கிறது. இங்கே ஊன்றிச் சிந்திக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இஞ்சின் வேண்டிநின்ற சக்தி எங்கோ தூரதேசத்தில் இருக்கவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அதன் வழியாகவே போய்க்கொண்டிருந்தது. குழாயை வளைத்து டர்போவைப் பூட்டிவிட்டால் அந்தச் சக்தி திரும்பி வந்துவிடும். அந்த வேலைக்கு ஒரு வாரம் போதும். அப்படியிருக்க, விஷயம் அறிந்தவன் ஏன் மாதக்கணக்கில் தாமதிக்கிறான்?

அழுத்தப்பட்ட காற்று சூடேறும். சூடேறிய கலவை, ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ தன்னை வந்து எட்டும்வரை பொறுத்திராமல், ஒரு மூலையில் தானாகவே வெடித்துவிடும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்லும் அந்த வெடிப்பு, பிஸ்டனைச் சீராகத் தள்ளுவதற்குப் பதிலாகச் சம்மட்டியைப்போல் அதன் தலையில் அடிக்கிறது. அலுமினியம் அரிபடுகிறது, ரிங் தங்கும் விளிம்பு உடைகிறது, ஹெட் கேஸ்கெட் போய்விடுகிறது. 1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் கம்பெனி ஜெட்ஃபயர் என்ற டர்போ காரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, கலவையைப் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சுருக்கும் இஞ்சினின்மீதே டர்போவின் அழுத்தத்தையும் ஏற்றினார்கள்; அதனால் வரும் நாக்கிங்கைத் தணிக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித்தொட்டியிலிருந்து உள்ளே தெளிக்க ஏற்பாடு செய்தார்கள். சொந்தக்காரர்கள் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். தொட்டி வற்றினால் அழுத்தத்தைக் குறைத்துக் காக்கும் அமைப்பு இருந்தும் தொல்லைகள் ஓயவில்லை. 1963ஆம் ஆண்டு வண்டிகளோடு ஜெட்ஃபயர் நின்றுபோயிற்று. பிற்காலத்தில் பல வண்டிகளில் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கார்புரேட்டரைப் பூட்டினார்கள். வெளியிலிருந்து ஊற்றப்படும் திரவம் உள்ளவரையில் மட்டும் நிலைக்கும் பொறுமை, சொந்தப் பொறுமை ஆகாது.

ஆகவே, விவேகமுள்ளவன் சக்தியைத் தொடுவதற்கு முன் பாத்திரத்தைத் தொடுகிறான். கலவையின் சுருக்கத்தைக் குறைக்கிறான். வார்ப்புப் பிஸ்டன்களை எடுத்துவிட்டு, அடித்து உருவாக்கிய பிஸ்டன்களைப் போடுகிறான். தீ மூட்டும் டைமிங்கைத் தாமதப்படுத்துகிறான். இந்த வேலைகளுள் மிகச் சிறியதான ஒன்றை மட்டும் நாம் அருகிலிருந்து பார்ப்போம். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் ஒரு முழு வட்டமன்று. அதன் இரு நுனிகளுக்கிடையே மெல்லிய இடைவெளி ஒன்று உண்டு. கட்டுகிறவன் ரிங்கைத் தனியே சிலிண்டருக்குள் வைத்து, அது கோணாமல் அமையும்பொருட்டுப் பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து மெல்ல உள்ளே தள்ளிச் சமன்செய்து, ஃபீலர் கேஜின் தகடுகளை ஒவ்வொன்றாக அந்த இடைவெளியில் நுழைத்துப் பார்க்கிறான். சாதாரண இஞ்சினானால், சிலிண்டர் விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் நான்கு பாகம் போதும். டர்போ இஞ்சினில் உஷ்ணம் மிகுந்து ரிங் அதிகம் விரியுமாதலால் ஐந்தோ ஆறோ பாகம் வேண்டும். 70.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள 1275 இஞ்சினில் இந்த வித்தியாசம் முழுவதும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு அளவே ஆகும். தகடு நுழையாவிட்டால், நுனியை அரத்தால் ஒரே திசையில் லேசாக இழுத்து, பிசிறை நீக்கி, மறுபடியும் உள்ளே வைத்து மறுபடியும் அளக்கிறான். இந்தச் சிறிய இடத்தைக் கொடுக்க மறுத்தவனுடைய இஞ்சினில், முழு வேகத்தின்போது ரிங் விரிந்து, நுனியோடு நுனி முட்டி, பிஸ்டனையே பிளந்துவிடக்கூடும். நாம் விட்டுக்கொடாத இடத்தை உஷ்ணம் உடைத்து எடுத்துக்கொள்ளும்.

இவ்வாறே ஒவ்வோர் அங்கமும் பக்குவப்பட வேண்டும். மெட்ரோ டர்போவின் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குள்ளே சோடியத்தை அடைத்து வைத்தார்கள். சூட்டில் உருகும் சோடியம் உள்ளேயே குலுங்கி, வால்வின் தலையிலுள்ள தகிப்பைத் தண்டுக்குக் கடத்துகிறது. மினியிலும் மெட்ரோவிலும் கியர்பாக்ஸ் இஞ்சினுக்கு அடியிலே, அதே எண்ணெயில் மூழ்கியிருக்கிறது. இஞ்சின் தாங்கினாலும் கியர்பாக்ஸ் தாங்காது என்பதை அறிந்த மெட்ரோவின் சிருஷ்டிகர்த்தாக்கள், குறைந்த சுற்றுகளில் டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தி, சுற்று உயர்ந்த பின்பே முழுவதையும் விட்டார்கள். ஓர் அமைப்பு எவ்வளவு தாங்கும் என்பதை அதன் மிக வலிய அங்கம் நிர்ணயிப்பதில்லை. மிக மெலிந்த அங்கமே நிர்ணயிக்கிறது. கல்வியிலே மலையாகவும் கோபத்திலே துரும்பாகவும் இருக்கும் பண்டிதனுக்குப் பெரும்பதவி வாய்த்தால் என்ன நேரும் என்பதை நாம் உலகத்தில் கண்டுதான் வருகிறோம்.

பகீரதன் கதையை நம் நாட்டில் அறியாதவர் இல்லை. ஆகாய கங்கை பூமிக்கு இறங்க வேண்டும் என்று அவன் முதலில் பிரமனை நோக்கித் தவம் செய்தான், வரமும் கிடைத்தது. கிடைத்த பின்பு அவளுடைய வேகத்தைப் பூமி தாங்காது என்று தெரிந்து, தாங்க வல்ல சிவபெருமானை நோக்கி இரண்டாம் முறையும் தவம் செய்தான். சக்தியைப் பெறுவதற்கு ஒரு தவம், அதைத் தாங்குவதற்கு மற்றொரு தவம் என்று இரண்டாகப் பிரித்து வைத்த புராணத்தின் நுட்பம் வியக்கத்தக்கது. இறைவனுடைய சடைமுடி கங்கையைத் தாங்கியதோடு நில்லாமல், உலகம் பொறுக்கும் அளவில் அவளை அளந்தும் விட்டது.

இந்த அளந்து விடுதல்தான் தகுதியின் மறுபாதி. உறுதி ஒன்றே தகுதியாகுமானால், பஸ்மாசுரனைக் காட்டிலும் தகுதியுடையவன் யார்? அவனும் கடுந்தவம் செய்தவனே. அவன் தேகமும் தாங்கியது, மனமும் தாங்கியது. தான் கை வைத்த தலை சாம்பலாக வேண்டும் என்று பெற்ற வரத்தை எங்கே நிறுத்துவது என்ற ஒன்றை மாத்திரம் அறியாமையால், தன் கை தன் தலைமேலேயே படும்படி ஆயிற்று. டர்போவுக்கும் தானாக அடங்கும் இயல்பு கிடையாது. புகை மிகுந்தால் டர்பைன் வேகம் எடுக்கும். டர்பைன் வேகம் எடுத்தால் உள்ளே செல்லும் காற்று மிகும். காற்று மிகுந்தால் புகை இன்னும் மிகும். நிறைவேறிய ஆசை அடுத்த ஆசைக்கு விறகாகும் சம்சாரச் சுழலை இதைவிடத் தெளிவாகக் காட்டும் யந்திரம் வேறொன்றை நான் அறியேன். இந்தச் சுழலை நிறுத்துவது வேஸ்ட்கேட் என்னும் ஒரு சிறிய கதவு. குறித்த அழுத்தம் வந்தவுடன் அது திறந்து, மிகுதியான புகையை டர்பைனைத் தொடாமலே வெளியே போகவிடுகிறது. தாங்கும் உறுதியும் விட்டுவிடும் அடக்கமும் சேர்ந்த இடத்திலேதான் சக்தி நிலைத்து வாழ்கிறது.

இவ்விடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் எழலாம். இஞ்சின் ஜடம், அதைப் பக்குவப்படுத்துவது வேறொருவன் கை. ஆன்மாவோ சித்து; அது தானே முயன்று பக்குவப்பட வேண்டியது; ஜடத்தைக் கொண்டு சித்தை அளப்பது எங்ஙனம் பொருந்தும் என்பதே அந்த ஆட்சேபம். இது சரியான கேள்வி. இதற்கு விடை காண, இஞ்சினைவிட்டுக் கட்டுகிறவனையே பார்க்க வேண்டும். வேகத்தில் கொண்ட மோகத்தோடு அவன் கொட்டகைக்குள் வந்தான் என்பது உண்மையே. ஆனால் ஃபீலர் கேஜ் அவனுடைய மோகத்தை மதிப்பதில்லை. இருக்கும் அளவையே சொல்லும். நள்ளிரவுக் களைப்பில் 'இதுபோதும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சிறு பொய்யை, முதல் ஓட்டத்தின் உஷ்ணம் வெளிப்படுத்திவிடும். முகஸ்துதிக்கும் சாக்குப்போக்குக்கும் இடங்கொடாத ஒரு பொருளோடு நெடுங்காலம் பழகுகிறவன், சிறிது சிறிதாகச் சத்தியத்துக்குப் பழகுகிறான். வேகமாக ஓட்டி வந்து உடனே நிறுத்திவிட்டால், டர்போவின் தண்டைத் தாங்கிய எண்ணெய் சூட்டில் கருகிக் கரியாகப் படியும். ஆகையால், வீடு வந்து சேர்ந்த பின்பும் இரண்டொரு நிமிஷம் இஞ்சினை மெல்ல ஓடவிட்டுப் பிறகே நிறுத்துகிறான். வேகத்தைத் தேடி வந்தவனுக்கு வேகமே நிதானத்தைக் கற்பித்துவிட்டது.

நியூஸீலாந்தின் இன்வர்கார்கில் நகரத்தில் வாழ்ந்த பர்ட் மன்றோ கட்டியது டர்போவுமன்று, காருமன்று. 1920ஆம் வருஷத்து இண்டியன் ஸ்கௌட் மோட்டார் சைக்கிளை அவர் தம் கொட்டகையில் பல பத்தாண்டுகள் திருத்திக்கொண்டே இருந்தார். பிஸ்டன்களையும் தாமே வார்த்துக்கொண்டார். 1967இல், தமது 68ஆம் வயதில், அமெரிக்காவின் பான்வில் உப்புவெளியில், ஆயிரம் ஸி.ஸி.க்கு உட்பட்ட பிரிவில் மணிக்கு 184 மைல் என்ற சாதனையை நிறுவினார். அந்தச் சாதனையைக் காட்டிலும் என் மனத்தைக் கவர்வது அவருடைய கொட்டகையிலிருந்த ஓர் அலமாரித் தட்டு. உடைந்துபோன உறுப்புகளை அதில் அடுக்கி, அவை வேகத்தின் தெய்வத்துக்குச் செலுத்திய காணிக்கைகள் என்று எழுதி வைத்திருந்தார். தோல்விகளை மறைக்காமல், எறியாமல், தெய்வத்தின் முன் வைக்கக் கற்றுக்கொண்டவனை அபக்குவன் என்று யார் சொல்ல முடியும்?

இப்போது நாம் தொடங்கிய கேள்விக்கு விடை சொல்லலாம். டர்போவைப் பூட்டாமல் மாதக்கணக்கில் சிலிண்டரையும் ரிங்கையும் வால்வையும் சீர்செய்துகொண்டிருக்கும் காலத்தில், கட்டுகிறவன் அந்த இஞ்சினுக்குச் சக்தியை மறுத்தான் என்று கூறுவது அறியாமை. அவனுடைய அன்பும் பிரயாசையும் முழுவதும் அதன்மீது பொழிந்த காலம் அதுவே. சித்தாந்தமும் இதைத்தான் சொல்கிறது. இறைவனுடைய ஐந்தொழிலில் மறைத்தலும் ஒன்று. ஆன்மாவுக்குத் தன்னைக் காட்டாமல் நின்று, உலக அனுபவங்களில் அதைச் செலுத்தி, அதன் மலத்தைப் பரிபாகம் செய்யும் திரோதான சக்தியும் அருளே என்பது நம் ஆசாரியர்களின் முடிபு. அருள் வாசலுக்கு வெளியே கைகட்டி நிற்பதாக நாம் எண்ணிக்கொண்ட காலம் முழுவதும் அது உள்ளே வேலை செய்துகொண்டிருந்தது. யந்திரத்துக்கும் நமக்கும் உள்ள வேற்றுமையெல்லாம், அந்த வேலையோடு நாம் இசையலாம், பிணங்கலாம் என்பதே. பிணங்கினால் காலம் நீளும், இசைந்தால் குறையும்.

ஆதலால், வரம் வேண்டி நிற்பவர்கள் தங்கள் வேண்டுதலைச் சற்றே மாற்றிக்கொள்வது நலம் என்று நான் கருதுகிறேன். அதிக பலத்தைக் கேட்பதற்கு முன் தங்களிடத்தில் மெலிந்திருக்கும் அங்கம் எது என்று காட்டும்படி கேட்க வேண்டும். காட்டியபின், அதைச் செப்பனிடும் உழைப்பைத் தண்டனையென்று எண்ணாமல் பிரசாதமென்று ஏற்க வேண்டும். அந்த உழைப்பு முடியும் நாளில் சக்தியைத் தனியே யாசிக்க வேண்டியிராது. நம் வழியாக எக்காலமும் போய்க்கொண்டிருந்த அதைப் பெற்றுக்கொள்ள நாம் தயாராயிருப்போம்.