வெள்ளகவிக்கு இறங்கும் வழி

1821இல் வார்ட் என்ற ஆங்கிலேய நில அளவை அதிகாரி பழனி மலையின் மேல்தட்டைப் பார்க்க ஏறினார். அதற்கு முன் அவர் முகாம் போட்டிருந்த ஊர் வெள்ளகவி, குன்னுவர் குடியிருந்த மலைக்கிராமம். அங்கிருந்து கிளம்பித்தான் இன்று கொடைக்கானல் இருக்கிற மேட்டை அளந்தார். அப்போது மேலே ஏரி இல்லை, பங்களா இல்லை. இன்று கொடைக்கானலில் நின்றுகொண்டு வெள்ளகவியைக் கடைக்கோடி ஊர் என்கிறோம்.

*

ஊர் அங்கேயேதான் இருக்கிறது. வழிதான் அதை விட்டு விலகிப் போயிற்று, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக.

1834இல் மதுரையின் துணை கலெக்டர் ராட்டன் இன்னொருவருடன் தேவதானப்பட்டிப் பக்கமிருந்து ஏறி, அடுக்கம் கணவாய் உச்சியில் செண்பகனூரில் சின்ன பங்களா ஒன்று கட்டினார். 1845இல் மதுரையின் அமெரிக்க மிஷனரிகள் மேலே வீடு கட்டினார்கள். சமவெளிக் காய்ச்சலுக்குத் தப்ப அவர்கள் முதலில் பார்த்தது சிறுமலையை; அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. 1863இல் ஏரி. 1875இல் ரயில் அம்மையநாயக்கனூர் வரை வந்தது. கடைசியாக 1914இல் வத்தலக்குண்டுப் பக்கத்து மலைச்சாலை முடிந்தது. சக்கரம் அந்தப் பக்கம் ஏறியதும் சந்தை, தபால், ஆஸ்பத்திரி, அதிகாரம் எல்லாமே அதன் பின்னால் போய்விட்டன. பெரியகுளம் கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாக ஏறும் பழைய தடம் அதை மிதிப்பவர்களுக்கு மட்டும் என்றானது.

மலை ஓர் ஊரைத் தனிமைப்படுத்துவதாகப் பள்ளிப் பாடத்தில் படித்தோம். வெள்ளகவியைத் தனிமைப்படுத்தியது இன்னொரு பக்கம் போட்ட சாலை.

*

கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலோடு தார் முடிகிறது. டால்பின் நோஸ் பாறை வரை கூட்டம் வரும், படம் எடுக்கும், திரும்பும். பாறைக்குக் கீழே பார்த்தால் பள்ளத்தாக்கு, மூட்டம். அந்த மூட்டத்துக்குள் ஓர் ஊர் இருக்கிறது என்பது படம் எடுப்பவர்களில் பலருக்குத் தெரியாது.

இறங்கும்போது மூச்சு வாங்காது, முழங்கால்தான் பேசும். வேரே படி, கல்லே கைப்பிடி. எதிரே மணிச்சத்தம் கேட்டால் மலைச்சரிவுப் பக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டும், பள்ளத்துப் பக்கம் அல்ல. மூட்டை கட்டிய குதிரை யாருக்கும் வழி விடாது. விடவும் கூடாது, வழி அதனுடையது.

*

ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே கோவில்கள் நெருக்கமாக இருக்கின்றன; கோவில்களுக்கு நடுவில்தான் வீடுகள். அதனால் ஊர் மண்ணே கோவில் மண். ஊர்க்காரர்கள் இதை ஓர் ஆச்சரியமாகச் சொல்வதில்லை. காரணம் கேட்டால்தான் யோசிக்கிறார்கள்.

எனக்கு முதலில் குளிர்ந்தது. பிறகு குத்தியது. அதன் பிறகு நடை தானாகவே மெதுவாயிற்று. வெறுங்காலோடு யாராலும் அதிகாரமாக நடக்க முடியாது. அரசும் இங்கே மெதுவாகத்தான் வரும்: தேர்தல் நேரத்தில் வாக்குப்பதிவு இயந்திரம் குதிரையில்தான் வருகிறது.

*

இங்கே என்ன விளைகிறது என்று பார்த்துக்கொண்டே போனேன். காப்பி, மிளகு, ஏலம், எலுமிச்சை, ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட். நிழல் மரங்களுக்குக் கீழே காப்பிச் செடி, அதே மரத்தில் மிளகுக் கொடி.

கொடைக்கானலுக்கு மேற்கே பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் போனால் கேரட், முட்டைக்கோஸ், உருளை, பூண்டு. அங்கே உயரம் அதிகம், குளிர் அதிகம் என்பது உண்மை. ஆனால் லாரி போகும் என்பதும் காரணம். பறித்த மறுநாளே வாடும் காயைச் சாலையில்லாத ஊர் பயிரிட முடியாது. காப்பிப் பழம் களத்தில் காய்ந்து கிடக்கும், அவசரப்படுத்தாது. மிளகு எடை குறைவு, விலை அதிகம், ஆண்டுக்கணக்கில் கெடாது. பட்டர் ஃப்ரூட் மரத்தில் இருக்கும்வரை பழுக்காது. பறித்தால்தான் கனியத் தொடங்கும். குதிரை வரும்வரை அது மரத்திலேயே இருக்கலாம்.

ஆக மழையும் மண்ணும் போலவே இந்தத் தடமும் பயிரைத் தேர்ந்தெடுக்கிறது. காத்திருக்கத் தெரிந்த பயிர்களுக்கே இங்கே இடம். வியாபாரிக்கும் இது தெரியும். விலை சரியில்லை என்று மூட்டையைத் திருப்பி மலையிறக்கிக் கொண்டுபோக எவருக்கும் மனம் வராது என்பதும் அவருக்குத் தெரியும்.

*

ஒரு மூட்டை சிமென்ட் 50 கிலோ. வட்டக்கானலில் அதற்கு ஒரு விலை, ஊருக்குள் வந்து இறங்கும்போது வேறு விலை. மணலுக்கும் அப்படியே. கூரைத் தகரம் வாங்கும்போது வீட்டின் அகலத்தோடு, தடத்தின் வளைவில் எவ்வளவு நீளம் திரும்பும் என்பதையும் பார்க்க வேண்டும். ரேஷன் அரிசிக்கு அரசு விலை வைக்கவில்லை. ஏற்றி வரும் குதிரைக்கு வாடகை உண்டு.

*

டோலி பற்றி ஒரு பாட்டி சொன்னார். நீளமான கம்பு, அதில் தொட்டில் மாதிரி கட்டிய கம்பளி, உள்ளே நோயாளி. நாலு பேர் தோள் கொடுத்தால் நாலு பேர் பக்கத்தில் நடப்பார்கள், மாற்றிக்கொள்ள. ராத்திரி என்றால் முன்னால் ஒருவர் டார்ச்சோடு. 108 வண்டி மேலே ரோடு முடிகிற இடத்தில் நிற்கும்.

"மாசம் ஏற ஏற பிள்ளைகளைக் கீழ அனுப்பிருவோம் தம்பி, பெரியகுளத்துல சொந்தக்காரங்க வீட்டுக்கு" என்றார். கர்ப்பிணிகளைச் சொன்னார். நெஞ்சுவலிக்கும் பாம்புக்கடிக்கும் அப்படி முன்கூட்டிக் கிளம்ப வழியில்லை. சின்னூர், பெரியூர் மலைக்கிராமங்களிலும் இதே டோலிதான். அங்கே மழைக்காலத்தில் ஆற்றையும் கடக்க வேண்டும்.

நான் எதுவும் கேட்கவில்லை. பாட்டி காப்பி போடப் போய்விட்டார்.

*

மலையேற்றத்துக்கு வருகிறவர்கள் எழுதுவதைப் படிக்கிறேன். "ஹாரன் சத்தமே இல்லை", "காலம் நின்றுவிட்ட ஊர்". எனக்கும் அந்த அமைதி பிடிக்கத்தான் பிடித்தது. பறவைச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோது இந்த ஊருக்குச் சாலையே வரக்கூடாது என்று ஒரு நினைப்பு எழுந்து அடங்கியது. அந்த நினைப்பை அங்கே யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. முதுகுப் பையோடு வந்து போகிறவனுக்குத்தான் அது கட்டுப்படியாகும்.

காலம் நின்றுவிட்டது என்பதும் பொய். பிள்ளைகள் படிக்க இறங்குகிறார்கள், பலர் வேலைக்கும் கீழேயே தங்கிவிடுகிறார்கள்.

*

சாலைக்குக் குறுக்கே காடு இருக்கிறது. 1980 வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வன நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு எடுக்க மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். பழனி மலைக்காட்டின் கணிசமான பகுதி 2013இல் சரணாலயமும் ஆயிற்று. 2006 வன உரிமைச் சட்டம் ஒரு சின்ன வாசலைத் திறந்து வைக்கிறது: காட்டில் வாழும் ஊர்களுக்குச் சாலை, பள்ளி போன்றவற்றுக்காக, கிராம சபை பரிந்துரைத்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலத்தைக் கொடுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது.

காகிதத்தில் கணக்குப் போட்டேன். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். சாலை நாலு மீட்டர் அகலம் என்றால் இரண்டரை கிலோமீட்டரில் அந்த நிலம் தீர்ந்துவிடும். வட்டக்கானல் தடம் அதைவிட நீளம், வண்டிக்காக வளைத்து வளைத்து இறக்கினால் இன்னும் நீளும். சோலையை வெட்டினால் மண் சரியும், ஊற்று வற்றும் என்கிற வாதத்தை நான் ஒதுக்கவில்லை. கொடைக்கானலுக்கு மலையைக் குடைந்தபோது இப்படி யாரும் மரத்தை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது மட்டும் உறுத்துகிறது.

*

கிளம்பும்போது குதிரைக்காரர் ஒருவர் கூடவே ஏறினார். இறங்கும்போது உப்பும் பருப்பும் கொண்டுவந்த குதிரை இப்போது காப்பி மூட்டையோடு முன்னால் போயிற்று. ரோடு வந்துவிட்டால் குதிரைக்கு வேலை இருக்காதே என்றேன்.

"இருக்காதுதான். வரட்டும்" என்றார்.

வந்தால் முதலில் என்ன ஏற்றி வருவீர்கள் என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. செங்கல் என்றார். மண்சுவர் ஒரு பக்கம் கரைந்துவிட்டதாம், ஆயிரம் கல்லாவது வேண்டுமாம். கீழே சூளையில் கல் என்ன விலை, குதிரையில் கொண்டுவந்தால் கல்லுக்கு எவ்வளவு கூடும், லாரி வந்தால் எவ்வளவு மிஞ்சும் என்று வட்டக்கானல் வரும்வரை கணக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.